யாருக்கு முதல் தளர்வு?

2020ஆம் ஆண்டு மே மாதம் 6, 8, 15 ஆகிய தேதிகளில் பிறப்பிக்கப்பட்ட மூன்று உத்தரவுகளை ஒன்றாக வைத்துப் படிக்கும்படி என்னிடம் தொழில் பழக வரும் ஜூனியர்களுக்குச் சொல்வது வழக்கம். முதல் உத்தரவு மதுக்கடைகளை நிபந்தனைகளோடு திறக்க அனுமதித்தது. இரண்டாவது அவற்றை மூடச் சொன்னது. மூன்றாவது, அந்த மூடலை நிறுத்திவைத்தது. முதல் இரண்டும் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரே அமர்வு அளித்தவை, மூன்றாவது உச்ச நீதிமன்றம் அளித்தது. பத்து நாட்களுக்குள் இப்படி முன்னும் பின்னும் போனதைப் பார்த்தவர்கள், நீதிமன்றங்களே தடுமாறிவிட்டன என்றார்கள். நான் அந்த வழக்கில் எந்தத் தரப்புக்கும் வக்காலத்து போட்டவன் அல்லன், ஒவ்வொரு உத்தரவையும் வெளிவந்த அன்றே படித்துத் தொடர்ந்து கவனித்தவன். அதில் எனக்குத் தடுமாற்றம் தெரியவில்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் விடை எழுதப்படாத ஒரு கேள்வியோடு மூன்று உத்தரவுகளும் மல்லுக்கட்டியதுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் மூடிவிட்ட ஒரு நாட்டில் முதலில் எதைத் திறப்பது, அதை முடிவு செய்பவர் யாருக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே அந்தக் கேள்வி.

ஊரடங்கு எந்தச் சட்டத்தின் மேல் நின்றது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஒன்று, 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். பம்பாயில் பிளேக் பரவியபோது வெள்ளையர் அரசு அவசரமாக இயற்றிய அந்தச் சட்டத்தில் மொத்தமே நான்கு பிரிவுகள்தான் இருந்தன. இன்னொன்று, 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். சுனாமிக்குப் பிறகு, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இரண்டுமே அரசுக்கு மூடும் அதிகாரத்தைத் தாராளமாக வழங்குகின்றன. மூடியதைத் திறக்கும்போது எந்த வரிசையில், எந்த அளவுகோலில், யாரைக் கலந்துகொண்டு திறக்க வேண்டும் என்று இரண்டிலும் ஒரு வரிகூட இல்லை. அந்த இடைவெளியில்தான் இந்த வழக்கு முளைத்தது.

நாடு தழுவிய ஊரடங்கு மே 4 முதல் 17 வரை நீட்டிக்கப்பட்டபோது, மத்திய உள்துறை அமைச்சகம் சில தளர்வுகளை அறிவித்தது. மதுக்கடைகள் திறக்கலாம், வாங்க வருபவர்கள் ஆறடி இடைவெளி விட வேண்டும், ஒரே நேரத்தில் கடையில் ஐந்து பேருக்கு மேல் நிற்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. உடனே ஆந்திரமும் கர்நாடகமும் கடைகளைத் திறந்தன. தமிழக அரசு, சென்னை மாநகரக் காவல் எல்லையைத் தவிர்த்து மற்ற இடங்களில் மே 7 முதல் டாஸ்மாக் கடைகள் இயங்கும் என்று அறிவித்தது. கோயம்பேடு சந்தை வழியே தொற்று மாவட்டம் மாவட்டமாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த வாரம் அது. சந்தையையே 5ஆம் தேதி மூடியிருந்தார்கள்.

அரசின் தரப்பை நேர்மையாகச் சொல்லாமல் இந்த வழக்கைச் சொல்வது முறையாகாது. எல்லையோர மாவட்டங்களில் இருப்பவர்கள் பக்கத்து மாநிலக் கடைகளுக்குக் கூட்டமாகப் போகிறார்கள், அவர்களைத் தடுப்பது கடினமாக இருக்கிறது, இங்கே கடையைத் திறக்காததால் தொற்று குறையப்போவதில்லை, மக்கள் எல்லை தாண்டிப் போய் வாங்கி வரத்தான் போகிறார்கள் என்பது ஒரு வாதம். கள்ளச்சாராயம் தலையெடுக்கும் என்பது இன்னொன்று. இது வெறும் சாக்கு அல்ல. மது கிடைக்காத அந்த வாரங்களில், குடிக்கக் கூடாத திரவங்களைக் குடித்து உயிர்விட்டவர்களைப் பற்றிய செய்திகள் தமிழ்நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தன. கேரளத்தில் குடிப்பழக்கம் திடீரென நின்றதால் சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள் என்று கூறி, மருத்துவர் சீட்டு இருந்தால் மது வழங்கலாம் என்று அந்த மாநில அரசு உத்தரவிட்டது. மருத்துவர்கள் கொதித்தெழுந்தார்கள், கேரள உயர் நீதிமன்றம் ஏப்ரல் தொடக்கத்திலேயே அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்றாவது காரணம் வருவாய். ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் மதுவால் கிடைத்துவந்த ஒரு மாநில அரசுக்கு, மற்ற வரிகளும் வற்றிப்போன நேரத்தில், மருத்துவமனைக்கும் ரேஷனுக்கும் பணம் வேண்டியிருந்தது என்பது மறுக்க முடியாத உண்மை.

எதிர்த்து வந்த மனுதாரர்களிடமும் வலுவான வாதம் இருந்தது. அரசியலமைப்பின் 47ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் தலையாய கடமைகளில் ஒன்று என்கிறது. அதே பிரிவே மதுவிலக்கைக் கொண்டுவர முயல வேண்டும் என்றும் சொல்கிறது. மது வணிகம் யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு கோடே டிஸ்டில்லரிஸ் வழக்கில் ஏற்கெனவே தீர்த்துச் சொல்லியிருக்கிறது. ஆகவே ஒரு தட்டில் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமை இருக்கிறது, மறு தட்டில் வைக்க உரிமை என்று சொல்லத்தக்க எதுவுமே இல்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். நாற்பது நாள் குடியை விட்டிருந்த ஆண்களின் வீடுகளில் திரும்பி வந்திருந்த அமைதியைப் பற்றிப் பெண்கள் தெருவில் இறங்கிப் பேசினார்கள். அது சட்ட வாதம் அல்ல என்றாலும், எந்த நீதிபதியின் காதையும் எட்டாமல் இருந்திருக்க முடியாது.

மே 6 அன்று நீதிபதிகள் வினீத் கோத்தாரி, புஷ்பா சத்யநாராயணா அமர்வு தடை விதிக்க மறுத்தது. அதே நேரம் கடுமையான நிபந்தனைகளை விதித்தது. கடையில் அமர்ந்து குடிக்க இடமில்லை, ஒருவருக்கு இத்தனை பாட்டில்தான் என்று வரம்பு, ரசீதில் வாங்குபவரின் பெயரும் ஆதார் எண்ணும், சமூக இடைவெளி, மின்னணு முறையில் பணம் செலுத்துவதற்கு ஊக்கம் என்று பட்டியல் நீண்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, நிபந்தனை மீறப்பட்டால் கடைகளை மூட உத்தரவிட நேரும் என்ற எச்சரிக்கை இருந்தது. இரு தரப்பிலும் நியாயம் இருக்கும்போது, முழுதாகத் தடுப்பதற்கும் முழுதாக விடுவதற்கும் இடையே ஒரு வழியைத் தேடுவது இடைக்கால உத்தரவுகளின் இயல்பு. அரசின் கொள்கை முடிவில் நேரடியாகக் கை வைக்காமல், அதே சமயம் பொதுமக்களைக் கைவிடாமல் இருக்க நீதிபதிகளிடம் உள்ள கருவி நிபந்தனைதான். அந்த உத்தரவைப் படித்தபோது அது நியாயமானதாகவே எனக்குப் பட்டது.

மறுநாள் நடந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. வயதுவாரியாக நேரம் ஒதுக்கியிருந்தார்கள்: காலையில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள், பிற்பகலில் நாற்பதிலிருந்து ஐம்பது வரை, அதற்குப் பின் மற்றவர்கள். தடுப்புக் கட்டைகள் கட்டி, தரையில் வட்டம் போட்டிருந்தார்கள். காலை பத்து மணிக்கு முன்பே பல ஊர்களில் வரிசை கடையைத் தாண்டி, தெருவைத் தாண்டிப் போயிருந்தது. வட்டங்கள் காலுக்கடியில் மறைந்துபோயின. ஆதார் எண்ணை எழுதிக்கொண்டு ரசீது போட எந்த விற்பனையாளருக்கும் நேரம் இல்லை. முதல் நாள் விற்பனை மட்டும் 170 கோடி ரூபாயைத் தாண்டியதாகச் செய்தி வந்தது. அந்தத் தொகை எத்தனை ஆயிரம் பேர் எவ்வளவு நெருக்கமாக நின்றிருப்பார்கள் என்பதற்கான சாட்சியமும்கூட.

8ஆம் தேதி அதே அமர்வின் முன் படங்களும் காணொலிகளும் வைக்கப்பட்டன. மக்கள் நீதி மய்யம் உள்ளிட்ட மனுதாரர்கள், நீங்கள் விதித்த நிபந்தனை நீங்கள் எச்சரித்தபடியே மீறப்பட்டிருக்கிறது என்று சுட்டிக்காட்டினார்கள். ஊரடங்கு முடியும் வரை கடைகளை மூட வேண்டும், வேண்டுமானால் இணையவழியில் விற்று வீட்டுக்குக் கொண்டு சேர்க்கலாம் என்று அமர்வு உத்தரவிட்டது. அன்றைக்கே வேறொரு மனுவில் உச்ச நீதிமன்றமும், கூட்டம் சேராமல் விற்கும் வழிகளை மாநிலங்கள் யோசிக்கலாம் என்று கூறியிருந்தது. இந்த இரண்டாவது உத்தரவில் முரண் எதுவும் இல்லை. நிபந்தனையோடு கொடுத்த அனுமதி, நிபந்தனை உடைந்ததும் போய்விடுகிறது. வாடகை ஒப்பந்தம் முதல் ஜாமீன் வரை நாங்கள் அன்றாடம் பார்க்கும் சட்ட நியாயம்தான் அது.

இந்த உத்தரவை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் அரசு எடுத்துவைத்த வாதம் வேறு தளத்தில் இருந்தது. எதை, எப்படி, எந்த வழியில் விற்பது என்பது கொள்கை முடிவு, அதை நீதிமன்றம் தன் யோசனையால் மாற்றி எழுத முடியாது என்றார்கள். மே 15 அன்று உயர் நீதிமன்ற உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. மறுநாள் கடைகள் மீண்டும் திறந்தன. இம்முறை கடைக்கு நாளொன்றுக்கு இத்தனை என்று எண்ணிக்கை வரையறுத்து, கிழமைக்கு ஒரு வண்ணத்தில் டோக்கன் கொடுத்து, மணிக்கு இவ்வளவு பேர்தான் என்று ஒழுங்கு செய்து விற்றார்கள். முதல் நாள் கண்ட கூட்டம் திரும்ப வரவில்லை. சென்னைக் கடைகள் ஆகஸ்ட் 18 வரை திறக்கப்படவே இல்லை.

காகிதத்தில் மனுதாரர்கள் தோற்றார்கள். ஆனால் 7ஆம் தேதி இல்லாத டோக்கன் 16ஆம் தேதி வந்ததற்கு, நடுவில் நடந்த அந்த வழக்கே காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மூடுவதா திறப்பதா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்களுக்கு, எப்படித் திறப்பது என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. நோய்க்காலத்தில் நீதிமன்றம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இதுதான். தொற்று எந்த வேகத்தில் பரவும் என்று நீதிபதிக்குத் தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனையை நிறைவேற்றத் தேவையான ஆள், இடம், நேரம் இருக்கிறதா என்று கேட்க மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. மே 6 அன்று அரசு வழக்கறிஞரிடம், ஒரு கடையில் ஒரு மணி நேரத்தில் ஆதார் எண்ணோடு எத்தனை ரசீது போட முடியும் என்று ஒரு கேள்வி கேட்கப்பட்டிருந்தால், டோக்கன் பத்து நாள் முன்னதாகவே வந்திருக்கும்.

இந்த வழக்கை நான் மறக்காமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே வாரத்தில் என்னைத் தேடி வந்தவர், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் டீக்கடை வைத்திருந்தவர். ஊரடங்கில் கடையைச் சாத்திவிட்டு, பிளாஸ்க்கில் டீ போட்டு மொபெட்டில் எடுத்துப்போய் விற்றார். வண்டியைப் பறிமுதல் செய்து, அவர் மேல் வழக்கும் போட்டிருந்தார்கள். டீக்கடைகளுக்கு மே 11ஆம் தேதிதான், அதுவும் பார்சலுக்கு மட்டும், அனுமதி வந்தது. ஆக 7ஆம் தேதி ஒரே தெருவில் மதுக்கடை சட்டப்படி திறந்திருந்தது, டீ விற்பது குற்றமாக இருந்தது. “ஐயா, அங்க நூறு பேர் நிக்கலாம்னா, இங்க நாலு பேருக்கு டீ ஊத்துறது எப்படிக் குத்தமாகும்?” என்று அவர் கேட்டார். அவருடைய கடை மூடிக் கிடந்த நாட்களில் வீட்டு வாடகையும் பிள்ளையின் மருந்துச் செலவும் நின்றுவிடவில்லை.

அவர் மேல் போடப்பட்டது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவு, அதாவது அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றம். உயிருக்கு ஆபத்து ஏற்படும் வகையில் மீறினால் அப்போது அதிகபட்சம் ஆறு மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம் என்றிருந்தது. இந்தப் பிரிவுக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பு வைத்திருந்தது. உத்தரவிட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்து மூலம் புகார் அளித்தால்தான் மாஜிஸ்திரேட் அந்த வழக்கை எடுத்துக்கொள்ள முடியும். காவல் நிலையத்தில் நேரடியாக முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து குற்றப்பத்திரிகை தாக்கல் செய்வது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2018ஆம் ஆண்டிலேயே தெளிவாக்கியிருந்தது. அப்படியிருந்தும் ஊரடங்கில் மாநிலம் முழுவதும் லட்சக்கணக்கில் அதே முறையில் வழக்குகள் குவிந்தன. 2021 பிப்ரவரியில், தேர்தலுக்குச் சற்று முன்பு, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, வன்முறை, போலி இ-பாஸ் போன்றவை நீங்கலாகச் சுமார் 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். டீக்கடைக்காரரின் வழக்கும் அதோடு முடிந்தது. முடிந்தது என்றால், தண்டனை இல்லை என்று பொருள். வண்டி இல்லாமல் கழிந்த வாரங்களையும், நீதிமன்றத்துக்கும் நிலையத்துக்கும் அலைந்த கூலியையும் எந்த அரசாணையும் திருப்பித் தராது.

சில மீறல்களுக்கு அரசு திருப்பித் தரவே முடியாத விலையை மக்கள் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும் காவல்துறையால் அழைத்துச் செல்லப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணம், ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்தது என்பதுதான். அடுத்தடுத்து இருவரும் உயிரிழந்தார்கள். மதுரைக் கிளை தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது, வழக்கு சிபிஐ கைக்குப் போனது. நேரக் கட்டுப்பாடு மக்களின் உயிரைக் காக்கவே விதிக்கப்பட்டது. காக்க வந்த விதியைக் கையாள்பவரிடம் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அந்த அதிகாரத்துக்குக் கணக்குக் கேட்க ஆளில்லாமல் விட்டால், நோயைவிடக் கொடியதாக அந்த விதியே மாறிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவையில்லை.

தளர்வு என்ற சொல்லின் கீழ் வேறொன்றும் நடந்தது. குஜராத் அரசு 2020 ஏப்ரலில், தொற்றைக் காரணம் காட்டி, தொழிற்சாலைச் சட்டத்தின் வேலை நேர வரம்பைத் தளர்த்தியது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி தர வேண்டியதில்லை என்றது. அந்த ஆண்டு அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்புகளை ரத்து செய்தது. பொருளாதாரச் சரிவு என்பது, தொழிலாளியின் பாதுகாப்பைக் கழற்றிவைக்கும் அளவுக்கான பொது அவசரநிலை ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். கட்டுப்பாட்டைத் தளர்த்துவது எப்போதும் சுதந்திரத்தைக் கூட்டுவது அல்ல. ஒருவருக்குத் தளரும் கயிறு இன்னொருவர் கழுத்தில் இறுகக்கூடும். ஆகவே தளர்வு ஒவ்வொன்றிலும் யாருக்குப் பயன், யார் தலையில் ஆபத்து என்று பார்த்தாக வேண்டும்.

2021 ஜூலையில் இதே கேள்வி வேறு முகத்தோடு வந்தது. தொற்று அதிகம் இருந்த பகுதிகளிலும் பக்ரீத்துக்காக வணிகர்கள் கேட்டுக்கொண்டபடி கேரளம் கடைகளைத் திறந்தது. அழுத்தம் தரும் குழுக்களுக்கு வளைந்து கொடுத்து மக்களின் உயிர் வாழும் உரிமையை ஆபத்துக்குள்ளாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தளர்வின் கடைசி நாளில் இந்த உத்தரவு வந்ததால் ரத்து செய்ய எதுவும் மிஞ்சவில்லை. முந்தைய ஆண்டு கொள்கை முடிவு என்று விலகி நின்ற அதே நீதிமன்றம், இம்முறை கொள்கையின் உள்ளே புகுந்து காரணம் கேட்டது. இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டாவது அணுகுமுறையையே சொல்வேன். முடிவு அரசுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த முடிவுக்கு ஒரு காரணம் இருந்ததா, அந்தக் காரணம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பொருத்தப்பட்டதா என்று சோதிப்பது நீதிமன்றத்தின் வேலை.

அரசியல் கட்சிகளை நம்பி இந்தச் சோதனையை விட்டுவிட முடியாது என்பதும் நம் மாநிலத்திலேயே தெரிந்துபோனது. 2020 மே 7 அன்று கறுப்புப் பட்டை அணிந்து மதுக்கடைத் திறப்பை எதிர்த்த கட்சி, அடுத்த ஆண்டு ஆட்சியில் அமர்ந்தது. இரண்டாம் அலையில் மூடப்பட்டிருந்த கடைகளை 2021 ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் திறந்தது. அப்போது வேறு கட்சிகள் வீதிக்கு வந்தன. நாற்காலி மாறினால் நியாயமும் மாறும் என்றால், நாற்காலியைச் சாராத ஓர் அளவுகோலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த அளவுகோலுக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஊரடங்குக்கு இரண்டரை மாதம் முன்பு, 2020 ஜனவரி 10 அன்று, காஷ்மீரின் இணைய முடக்கம் குறித்த அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது. உரிமையைக் கட்டுப்படுத்தும் உத்தரவு வெளியிடப்பட வேண்டும், யாரும் அதைப் படித்து எதிர்க்க வழி இருக்க வேண்டும் என்பது ஒன்று. கட்டுப்பாடு நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்பது மற்றொன்று. மூடும் உத்தரவுக்குப் பொருந்தும் இந்த விதியைத் திறக்கும் உத்தரவுக்கும் பொருத்த வேண்டும் என்பதே என் வாதம். மதுக்கடை, டீக்கடை, முடிதிருத்தகம், கோயில், பள்ளிக்கூடம் என்று எதை முதலில் திறந்தாலும், ஏன் அது முதலில், அதற்கு ஆலோசனை தந்த மருத்துவக் குழு என்ன சொன்னது, நிபந்தனையை நிறைவேற்றத் தேவையான ஆட்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் அரசு அதே உத்தரவில் எழுதிவிட வேண்டும். வருவாய்தான் காரணம் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதட்டும். பணம் இல்லாமல் மருத்துவமனை நடக்காது என்று எந்தக் குடிமகனுக்கும் புரியும். புரியாதது, காரணம் சொல்லப்படாமல் தன் கடை மட்டும் மூடிக் கிடப்பதுதான்.

அடுத்த பெருந்தொற்று வரும்போது 1897ஆம் ஆண்டின் சட்டத்தை மீண்டும் தூசு தட்டி எடுத்து ஆள முடியாது. புதிய சட்டம் ஒன்று எழுதப்பட்டால், மூடும் அதிகாரத்துக்குப் பத்துப் பிரிவுகள் ஒதுக்குபவர்கள், திறக்கும் கடமைக்கு ஒரு பிரிவாவது ஒதுக்க வேண்டும். தளர்வு வரிசையில் கடைசியில் நிறுத்தப்பட்டவர் தன் காரணத்தைக் கேட்டு விண்ணப்பிக்கவும், குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் பெறவும் அந்தப் பிரிவு உரிமை தர வேண்டும். அப்படி ஒரு பிரிவு 2020 மே மாதத்தில் இருந்திருந்தால், அந்த டீக்கடைக்காரர் குற்றவாளியாக அல்ல, மனுதாரராக என் அலுவலகத்துக்கு வந்திருப்பார்.